கை படாத பன்னா

'மார்ச் 9. மோட்டாரின் ப்ளக்கைச் செருக மறந்துவிட்டேன். தவறு என்னுடையது.'

ப்ராஜெக்ட் டைரியில் இதை எழுதிவிட்டு டேப்பு இன்னொரு முறை படித்தான். எதையும் இரண்டு தடவை அளந்தும் நம்பாதவன் என்பதால் மாலைக் கல்லூரியில் அவனுக்கு அந்தப் பெயர். ப்ளக் இன்னும் காலடியில்தான் கிடந்தது. செருகவே இல்லை என்றால், சற்று முன்பு வேலை செய்தது எது?

ஈரத் துணியின் இரு ஓரங்களையும் ஊசிகளில் மாட்டி, அகலமாக இழுத்துப் பிடித்தபடியே சூட்டில் காயவைக்கும் நீளமான இயந்திரம் ஒன்று துணி ஆலையில் அவன் எதிரே நின்றது. துணியின் அகலத்தை ஆலையில் பன்னா என்பார்கள். பன்னா கூடினாலோ குறைந்தாலோ கேமரா கண்டுபிடிக்கும், மோட்டார் திருத்தும். அதுதான் டேப்பும் அவன் கூட்டாளி பீலாவும் செய்த இறுதியாண்டு ப்ராஜெக்ட்.

ஆலை மேனேஜர் பெரிய மனசு பண்ணி இடம் கொடுத்திருந்தார். முன்பு பன்னாவைக் கையால் சுற்றித் திருத்திய பழைய கைச்சக்கரத்தைக் கழற்றிவிடலாமா என்று கேட்டதற்கு, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றார். தூசு படும் என்று பின்பக்கம் தார்ப்பாய் கட்டவும் சொன்னார். எல்லாம் நல்லபடியாக முடிந்தால் டேப்புக்கு இங்கேயே வேலை என்று வாக்குக் கொடுத்திருந்தார். மருந்துக்கடை பில் கவுண்டரிலிருந்து மகனுக்கு விடுதலை என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

இன்று துணி வாங்கும் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். பன்னா ஒரு நூல் பிசகவில்லை. கைதட்டல் ஓய்ந்ததும், பாஸ் என்று கூட வந்திருந்த புரொபசர் அங்கேயே சொல்லிவிட்டார்.

டேப்பு எழுந்துபோய்த் தார்ப்பாயை விலக்கினான். அனலும் வியர்வை நாற்றமும் முகத்தில் அறைந்தன. பனியன் முதுகோடு ஒட்டிக்கிடக்க, ஒருவர் கைச்சக்கரத்தைப் பிடித்தபடி குந்தியிருந்தார். துணியிலிருந்து கிளம்பிய எண்ணெய்ப் புகையில் இருமி இருமிக் கண்கள் சிவந்திருந்தன.

"போயிட்டாங்களா தம்பி? ஒண்ணுக்குப் போகணும்."

டேப்புக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டு தானும் சிரித்ததை நினைத்தால் இன்னும் குமட்டியது.

விருந்தாளிகள் மிச்சம் வைத்த பிஸ்கட்டைப் பீலா தின்றுகொண்டிருந்தான். உதடெல்லாம் பொடி. தனக்கு எதுவும் தெரியாது என்று அம்மா மேல் சத்தியம் செய்தான். பரீட்சை ஹாலில் மாட்டிக்கொண்டபோதும் அவன் செய்தது இதே சத்தியம்தான்.

"உன்கூடச் சேர்ந்ததுக்கு என்னைச் செருப்பால அடிச்சுக்கணும்டா."

"பாஸ் ஆயாச்சுல்ல? வாயை மூடிக்கிட்டு இரேன்."

அவன் பக்கத்தில் நிற்கவே உடம்பு கூசியது. உண்மையைச் சொன்னால் ஒரு வருஷம் போகும், வேலையும் கைநழுவும், அம்மா தெருவில் தலைகாட்ட முடியாது. சொல்லாவிட்டால் அந்த ஈர முதுகு தூங்கவிடாது. டேப்பு மேனேஜர் அறைக் கதவைத் தட்டினான்.

மோட்டார் ஓடவில்லை, பீலா ஓர் ஆளை ஒளித்துவைத்துச் சக்கரம் சுற்ற வைத்திருக்கிறான் என்று ஒன்று விடாமல் கொட்டினான். மேனேஜர் பல் குத்திக்கொண்டே கேட்டார். குச்சியின் நுனியில் வந்ததை நிதானமாகப் பார்த்துவிட்டு மேசையிலேயே வைத்தார்.

"அந்தப் பையனை ஏன் திட்டறே? ஆளை உக்கார வெச்சது நான். ப்ளக்கைப் பிடுங்கினதும் நான்தான்."

மோட்டாரே ஒழுங்காக ஓடுமே சார் என்று டேப்பு இழுத்தான்.

"ஓடும். ஆனா தேஞ்சா புதுசு வாங்கணும். ஆள் தேஞ்சா, வாசல்ல இன்னொரு ஆள் நிக்கிறான்."

கம்பெனிக்காரர்கள் கேட்டது கை படாத பன்னா. கை அவர்கள் கண்ணில் படாமல் இருந்தால் போதும், ஆர்டரும் கையெழுத்தாகிவிட்டது என்று விளக்கிச் சிரித்தார். அந்தப் பல்லைப் பார்க்கச் சகிக்காமல் டேப்பு எழுந்தான். வேலை போனால் போகட்டும் என்று கதவை நோக்கித் திரும்பினான்.

மேனேஜர் வாஞ்சையோடு கூப்பிட்டார்.

"நான் சொன்ன சொல் மாற மாட்டேன் தம்பி. அந்த ஆளுக்கு இருமல் முத்திப்போச்சு. நாளைக்குக் காலையிலேருந்து அவர் இடம் உனக்கு, துண்டு ஒண்ணு எடுத்துட்டு வா."