தொடாத கட்டம்

“எங்க இணையதளத்தைக் கவுத்தது நீங்கதானே?” மேலாளர் சிரிக்கவில்லை.

நேர்காணலுக்கு வந்திருந்த அவள் கைப்பையை இறுக்கிக்கொண்டாள். ‘கடந்த பத்து ஆண்டுகளில் செய்த பணி’ என்ற கட்டத்தைத் தொடவே மனம் வராமல், அப்படியே விட்டுத்தான் இணையத்தில் விண்ணப்பத்தை அனுப்பினாள். இரண்டு பிள்ளைகளை வளர்த்ததை அங்கே எப்படி எழுதுவது? அனுப்பிய மறுகணம் நிறுவனத்தின் இணையதளமே நின்றுபோனது. இந்த வேலையும் கைநழுவிவிட்டது என்றே நினைத்தாள்.

“ஆமா சார். காரணத்தையும் மெயில்ல எழுதியிருந்தேனே.”

“அந்த மெயில் மட்டும்தான் வந்தது. விண்ணப்பம் வந்து சேரவே இல்லை. மூணு பேர் முழிச்சிக்கிட்டு நின்னாங்க. நீங்க சொன்ன ஒத்த வரியைச் சேர்த்ததும் ஓட ஆரம்பிச்சிடுச்சு.”

“காலிப் பெட்டி வேற, பெட்டியே இல்லாதது வேற சார். அந்தக் கட்டத்தைத் தொடாமலே விட்டா, பெட்டியே உள்ளே வராது. புரோகிராம்ல எழுத்தை எண்ணுற பகுதி, அந்த ஃபங்ஷன், காலிப் பெட்டியைச் சமாளிச்சிடும். பெட்டியே இல்லைன்னா, இல்லாத இடத்துல எண்ணப் போய் விழுந்துடும். பெட்டி இருக்கான்னு முதல்ல பார்க்கணும்.”

“எங்க சி மொழி புரோகிராமைப் பார்க்காமலே எந்த ஃபங்ஷன், எத்தனையாவது வரின்னு எப்படித் தெரிஞ்சது? உள்ளேயிருந்து யாராவது கொடுத்தாங்களா?”

“இல்லை சார்.”

“அந்தப் புரோகிராமை எழுதினவங்க பெரிய கெட்டிக்காரங்களாம். நான் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. பயந்துக்கிட்டு ஒருத்தரும் அதுல கை வெச்சதில்லை.”

அவள் கைப்பையை மேசைமேல் வைத்தாள்.

“நான்தான் சார் எழுதினேன். இங்கே வேலை பார்த்தப்போ, இருபத்தஞ்சு வயசுல. எழுத ஒண்ணுமே இல்லாம ஒருத்தர் அந்தக் கட்டத்து முன்னாடி உட்காருவாங்கன்னு தோணவே இல்லை. மிச்ச ஃபங்ஷனையும் கொடுங்க, இன்னைக்கே பார்த்துடறேன்.”