அடுத்த எண்

எழுபத்தொன்பது நாளாகியும் மூச்சு நிற்கவில்லை. கோதண்டம் வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார். கட்டிலருகே உட்காருகிறவரைப் போலப் பதமாக உட்கார்ந்து, அட்டையை எடுத்து விசிறத் தொடங்கினார்.

"இப்ப எப்டிம்மா கீது? சூடு எறங்குச்சா?"

"முதுகுப் பக்கம்தான் இன்னும் சுடுதுண்ணா" என்றாள் ஷெர்லின்.

அவர் ஸ்டூலோடு நகர்ந்து, கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கமாக விசிறினார்.

எண்பதுகளின் கடைசியில், ஒரகடம் ரோட்டில், போல்ட்டும் வாஷரும் செய்யும் அந்தத் தொழிற்சாலைக்கு வந்து இறங்கிய முதல் கம்ப்யூட்டர் அது. எதற்கு வாங்கினார்கள் என்று யாரும் ஷெர்லினிடம் சொல்லவில்லை. பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டுப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த அவளுக்கும் கேட்கக் கூச்சம்.

சும்மா இருந்த இயந்திரத்துக்கு அவளே ஒரு வேலை கொடுத்தாள். இரண்டை இரண்டாலேயே இரண்டே கால் லட்சத்துச் சொச்சம் தடவை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருகிற எண் பகா எண்தானா என்று பார்க்கச் சொன்னாள். ஆம் என்று வந்தால், அதுவரை உலகம் அறிந்ததிலேயே பெரிய பகா எண் அவளுடையது. நடுவில் நின்றால் திரும்ப முதலிலிருந்துதான்.

மேனேஜர் இராமச்சந்திரனுக்கு விஷயம் தெரிந்தபோது, வேலை போயிற்று என்றே நினைத்தாள். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உலகத்துலயே பெருசுன்னா பேப்பர்ல போடுவானாம்மா?"

"போடுவாங்க சார்."

"கம்பெனி பேரு?"

"அதுவும் போடுவாங்க சார்."

"அப்ப இது முடியற வரைக்கும் வேற எதுக்கும் இதைத் தொடக் கூடாது" என்று எழுந்து போனார்.

அவள் எதிர்பாராதது கோதண்டம் போன்ற ஸ்டோர்ஸ் ஆட்களை. வாஷரை எண்ணிக் கட்டி, வந்த சரக்கையும் போன சரக்கையும் கணக்குப் பார்க்கிறவர்கள். மற்றப் பிரிவுகளிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இவர்கள் மட்டும் கணிதத்தின் மேல் உயிரையே வைத்திருந்தார்கள்.

கரெண்ட் போனால் பேட்டரி பத்து நிமிஷம்தான் தாங்கும். பிசைந்த சோற்றை அப்படியே போட்டுவிட்டு நாலு பேர் ஜெனரேட்டருக்கு ஓடுவார்கள். அவர்களில் ஒருத்தியான சின்னப்பொண்ணு, மெஷின் நிற்காமல் ஓடினால் நூற்றெட்டுச் சுற்று சுற்றுவதாகச் சிங்கப்பெருமாளுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள்.

பகா எண் என்றால் என்னவென்று ஷெர்லின் ஒரு நாள் வாஷரை வைத்தே காட்டினாள். பன்னிரண்டு வாஷரை மும்மூன்றாக அடுக்கலாம், நாலு நாலாகவும் அடுக்கலாம். பதிமூன்றை எப்படி அடுக்கினாலும் மிஞ்சும், அல்லது குறையும்.

"நம்ம சூப்பர்வைசர் மாதிரின்னு சொல்லு. எவங்கூடவும் ஒட்டாது" என்றாள் சின்னப்பொண்ணு. அன்றைக்குத்தான் ஷெர்லின் அந்தத் தொழிற்சாலையில் முதன்முதலாகச் சிரித்தாள்.

இப்போது சின்னப்பொண்ணு டீயோடு வந்தாள். ஷெர்லின் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அக்கா, இன்னிக்கு மத்தியானம் முடிஞ்சிடும்."

கோதண்டத்தின் கையில் அட்டை நின்றது.

"அதுக்குள்ளயா?" என்றாள் சின்னப்பொண்ணு.

பாவம், முடிவை நினைத்துப் பயப்படுகிறார்கள் என்று ஷெர்லினுக்குப் புரிந்தது. அவளுக்கும் காலையிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை.

மூன்று மணிக்கு மேனேஜர் தலை சீவிக்கொண்டு வந்தார். போட்டோகிராபருக்கும் சொல்லியிருந்தார். அவரும் ஷெர்லினும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றே காலுக்கு ஒற்றை வரி வந்தது.

பகா எண் அல்ல.

மேனேஜர் சீப்பைப் பைக்குள் போட்டார். "பேப்பர்காரன்கிட்ட வாய் விட்டுட்டேனேம்மா. இதை விடப் பெருசு எதுவும் கெடையாதா?"

"பெருசுக்கு முடிவே இல்ல சார்."

"அப்ப போடு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

ஷெர்லின் அடுத்த எண்ணைக் கொடுத்து ஓட விட்டாள். அப்புறம்தான் அழுகை வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தால், ஸ்டோர்ஸ் ஆட்கள் அத்தனை பேரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பதைப் போல நின்றுகொண்டிருந்தார்கள்.

"இல்லண்ணா" என்றாள். "அது வகுபடுதாம். இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீண்."

கோதண்டம் எட்டி அறைக்குள் பார்த்தார்.

"உள்ளே இன்னாமோ ஓடிக்கினு கீதே?"

"அடுத்த நம்பர் போட்டிருக்கேன். அது இன்னும் பெருசு."

"எத்தினி நாளு ஆவும்?" என்றாள் சின்னப்பொண்ணு.

"நூத்தி நாப்பது நாளாவது ஆகும்க்கா."

சின்னப்பொண்ணு விரலை மடக்கி எண்ணினாள். "பொங்கல் தாண்டி, மாசி வரைக்கும் போவும். எம் பொண்ணு கல்யாணம் முடிஞ்சிடும்."

அதற்குள் யாரோ விசில் அடித்தார்கள். ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு லட்டு வாங்கப் பறந்தார். எதிரே நின்ற இருவர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆடினார்கள்.

ஷெர்லினுக்கு மறுபடி கண் கலங்கியது. தோல்வியைக்கூடக் கொண்டாடுகிற இப்படிப்பட்டவர்களைக் கல்லூரியில்கூட அவள் கண்டதில்லை.

"உங்களுக்குக் கணக்குன்னா அவ்ளோ பிடிக்குமாண்ணா?"

கோதண்டம் அட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

"ஸ்டோர்ஸ்ல நாங்க ஒம்போது பேரும் செய்யிற வேலைய இது ஒண்ணே செஞ்சிடும்னுதாம்மா இத்த வாங்கியாந்தாங்க."