ஐந்தாவது ஏன்

ஜப்பானில் மிகாவாப் பக்கம் ஓர் ஊரில், யாராவது கேட்டால்தான் கை அசையும் தொழிற்சாலை ஒன்று இருந்ததாம்.

சக்கர நாற்காலிக்கு உதிரி பாகம் செய்கிற இடம். முன்னால் இருக்கிறவரின் பெட்டி காலியானால், அதிலிருந்த அட்டை பின்னால் இருக்கிற மெஷினுக்கு வரும். அந்த அட்டையைக் கான்பான் என்பார்கள். அட்டையில் நாற்பது என்றால் நாற்பது. அட்டை வரவில்லையா, கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அதனால்தான் அன்று காலை மேலாளர் ஹிபினோ, கையில் உற்பத்திக் கணக்குத் தாளோடு நிவா அம்மாளின் மெஷின் முன்னால் வந்து நின்றார்.

"என்ன இது?"

"பிரேக் பின் சார்."

"தெரியுது. நிறுத்தி நாலு வருஷமான மாடலோடது. மாசம் ஒண்ணு செஞ்சிருக்கீங்க. யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?"

"அட்டை வந்துச்சு. செஞ்சேன்."

நிவா நீட்டினாள். போன மாசம் வந்த, ஓரம் நைந்த பழைய அட்டை. எண்ணிக்கை: 1. கீழே சிவப்பு முத்திரை: குவயாமா.

சுட்டுவிட்ட மாதிரி அதை மேஜையில் போட்டார் ஹிபினோ.

குவயாமா அந்த மெஷினில் வேலை பார்த்தவர். ஆறு வருஷத்துக்கு முன் வேலையை விட்டுப் போனார். அப்புறம் செத்துப்போனார் என்று பேச்சு.

"செத்தவருக்குக்கூட நம்ம கம்பெனி லீவு தர்றதில்ல போல" என்றார் பக்கத்து மெஷின் ஒகுமுரா.

உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இல்ல சார், இங்க ஆள் கேட்டாத்தானே செய்வோம்? அப்ப இதைக் கேக்கறது யாரு?"

"வாயை மூடுங்க!" ஹிபினோ நிவாவிடம் திரும்பினார். "நாளைக்குத் தலைமை ஆபீஸ்ல இருந்து விருது குடுக்க வர்றாங்க. இன்னிக்கே ஆள் யாருன்னு தெரியணும். இல்லேன்னா பொருளைத் திருடினதா எழுதி உங்களை அனுப்பிடுவேன். ஓய்வுபெற எட்டு மாசம்தானேன்னு பாக்க மாட்டேன்."

விருது எதற்கென்று வாசலில் பலகை தொங்கியது. விபத்தில்லாத நாட்கள்: 4112.

"அட்டை எப்ப வரும்?"

"சாப்பாட்டு நேரத்துல. விளக்கு அணைஞ்ச பிறகு. இன்னிக்குத்தான் அந்த நாள்."

பன்னிரண்டு மணிக்கு, மின்சாரம் மிச்சம் பிடிக்க விளக்கையெல்லாம் அணைப்பது அங்கே வழக்கம். ஜன்னல் இல்லாத கொட்டகை. பட்டப்பகலில் கண்ணைக் கட்டிவிடும்.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். ஹிபினோ மட்டும் அட்டை போடுகிற பெட்டிக்குப் பக்கத்தில் ஒளிந்து நின்றார்.

கிறீச்... கிறீச்...

சக்கரம். இருட்டில் அவரைப் பார்த்தே வந்தது. பக்கத்தில் வந்து நின்றது. பெட்டிக்குள் 'டக்'கென்று ஒரு சத்தம்.

"யாரு?" என்று கத்த நினைத்தார். கத்தாமல் ஓர் அடி பின்வாங்கினார்.

கிறீச்... கிறீச்... தேய்ந்து தேய்ந்து, இல்லாமல் போனது.

விளக்கு எரிந்தது. பெட்டியில் அட்டை. எண்ணிக்கை: 1. அதே சிவப்பு முத்திரை.

பின்னால், ஸ்விட்சில் கை வைத்தபடி நிவா நின்றிருந்தாள்.

"வேர்த்திருக்கே சார். கோளாறுன்னா அஞ்சு தடவ ஏன்னு கேளுன்னு நீங்கதானே எங்களுக்குச் சொல்லித் தந்தீங்க? கேளுங்க."

"ஏன்... ஏன் அவன் அட்டை வருது?"

"அவரோட சக்கர நாற்காலி பின் தேஞ்சுபோச்சு. இங்க சாப்பாடு கொண்டு வர்ற வண்டிக்காரருக்கு அவர் வீட்டுக்குக் கீழ் வீடு. தள்ளுவண்டியோட வந்து அட்டையைப் போடுவாரு, மறுநாள் பின்னை வாங்கிட்டுப் போவாரு."

"ஏன் மாசாமாசம் தேயுது?"

"வீடு மலைச்சரிவுல. நாற்காலியில கீழ இறங்கும்போதெல்லாம் பிரேக்கைப் பிடிச்சாகணும்."

"கடையில ஏன் வாங்கல?"

"கிடைக்காது சார். யாரும் கேக்கலன்னு அந்த மாடலை நீங்கதான் நிறுத்தினீங்க."

ஹிபினோ அப்படியே சுவரில் சாய்ந்தார். "உயிரோட இருக்கானா? ஏன் என்கிட்ட ஒருத்தரும் சொல்லல?"

"நீங்க கேக்கல. கேட்டாத்தானே இங்க எதுவும் வரும்?"



"நாலு ஆச்சு சார். இன்னும் ஒரு ஏன் பாக்கி."

அதை அவர் கேட்கவில்லை. நிவா மட்டும் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள்.

மெஷினுக்கு மேல் மஞ்சள் கயிறு தொங்கியது. யார் கோளாறைப் பார்த்தாலும் இழுக்கலாம், எல்லாம் நின்றுவிடும். ஆறு வருஷத்துக்கு முன், குவயாமாவின் மெஷினில் கனத்த இரும்பு அச்சு தளர்ந்து ஆடியபோது, அந்தக் கயிற்றுக்குத்தான் நிவா கையைத் தூக்கினாள்.

"இழுக்காதே! இன்னிக்கு லாரி போயாகணும்!" என்று கத்தியது ஹிபினோ.

அச்சு குவயாமாவின் கால்மேல் விழுந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் சைக்கிள் சறுக்கியதாகக் கம்பெனிக் காகிதத்தில் எழுதியதும் ஹிபினோதான்.

"அந்தக் காகிதத்துல சாட்சின்னு என் முத்திரையும் இருக்கு சார். அதான் மாசம் ஒண்ணு செஞ்சு குடுக்கறேன்" என்றாள் நிவா. "இப்ப எழுதுங்க. திருட்டுன்னே எழுதுங்க."

மணி அடித்தது. ஆட்கள் திரும்பி வந்தார்கள்.

நிவா மெஷினை ஓட்டினாள். ஒரே ஒரு பின். சூடு ஆறுவதற்குள் அதை ஹிபினோ எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார்.

பலகையிலிருந்த நான்கைக் கழற்றினார். ஒன்றை, இன்னொரு ஒன்றை, இரண்டை. அந்த இடத்தில் ஒரே ஒரு பூஜ்யத்தை மாட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மலைப்பாதையில் நடந்து போனார்.