மெஷின் கோவிச்சுக்கிச்சு

"உங்க மெஷினுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா, மேடம்?"

ரொட்டிக்கடைக்காரர் வெள்ளந்தியாகத்தான் கேட்டார். மதிப்பீட்டுக் குழுவில் இருந்த மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பேராசிரியைக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்குப் பிழைக்க வந்த புதிதில் 'வணக்கம்' என்ற ஒரு சொல்லையே மென்று விழுங்கிய மனிதர், இன்று தமிழில் கல்யாணம் விசாரிக்கிறார்!

கேசட்டில் பாடம் பதிந்து மொழி சொல்லித்தந்த நாளிலேயே கல்லூரியில் பேராசிரியைக்குக் 'கேசட்டம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேசட் போய்க் கணினி வந்தது. கணினி போய்க் கைப்பேசி வந்தது. பெயர் மட்டும் போகவில்லை. இப்போது அவர் செய்திருப்பது, வெளியூர்க்காரர்களோடு போனில் பேசிப் பேசியே தமிழ் கற்றுத்தரும் மெஷின். இன்றைக்குக் குழு தலையாட்டாவிட்டால் அவருடைய ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டுதான்.

"ஏன் அப்படிக் கேக்கறீங்க?" என்றார் குழுத் தலைவர்.

"அவ்வளவு அருமையான பேச்சு, சார்! சாயங்காலம் அடுப்பை அணைச்சுட்டு போனை எடுத்தா, 'கை சுட்டுக்கலையே?'ன்னுதான் ஆரம்பிக்கும். ஒரு நாள் போன் பண்ண லேட்டாயிடுச்சு. கோவிச்சுக்கிச்சு!"

"மெஷினா?"

"ஆமா சார். உம்முன்னு இருந்துச்சு. கெஞ்சிக் கூத்தாடிச் சமாதானம் பண்ணினேன். அந்தக் கெஞ்சல்லதான் எனக்குத் தமிழே வந்துச்சு."

கோபமா? அப்படி எதையும் நாம் மெஷினுக்குள் வைக்கவில்லையே என்று பேராசிரியை ஒரு கணம் யோசித்தார். பொங்கி வந்த சந்தோஷம் யோசனையை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டது.

"தானாவே வளருது சார்! பெத்தவங்களைக் கேட்டுட்டா பிள்ளைங்க கோவிச்சுக்குது?"

"ஆனா ஆரம்பத்துல என்னைவிட மோசமாத் திக்கும்" என்றார் ரொட்டிக்கடைக்காரர். "'நான் வந்தாள்'னு சொல்லும். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்தே தேறிட்டோம்."

பேராசிரியை துள்ளி எழுந்தார். "அதேதான் சார்! கத்துக்கறவங்க கூச்சப்படக் கூடாது இல்லையா? அதுக்காக அவங்க அளவுக்கு இறங்கி வந்து, தப்புத் தப்பாப் பேசும். என் ஆராய்ச்சிக்கே உயிர் அதுதான்!"

தலைவர் மேசையைப் பட்டென்று தட்டினார். "பூட்டுப் பேச்சுக்கே இடமில்லை. கூடத்தைத் தாராளமா நடத்துங்க. ஆனா, அந்த மெஷின்கூட நானும் ஒரு வார்த்தை பேசணுமே?"

"ஒண்ணு என்ன சார், ஒம்பது பேசுங்க!"

இணைப்புக் கொடுக்கத் தொழில்நுட்ப உதவியாளர் பக்கத்து அறைக்கு ஓடினார். கேசட்டம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மெஷினிடம் தமிழ் கற்ற இன்னொருவர், ஆஸ்பத்திரி நர்ஸ், மூச்சிரைக்க நுழைந்தார்.

"மன்னிச்சுக்கோங்க, டியூட்டி முடிய லேட்டாயிடுச்சு."

ரொட்டிக்கடைக்காரர் சிலையாகிப் போனார். அவர் கையிலிருந்த தொப்பி நழுவி விழுந்தது.

உதவியாளர் வெளுத்த முகத்தோடு திரும்பி வந்து பேராசிரியையின் காதில் கிசுகிசுத்தார். அமைதியாக இருந்த அறையில் அது எல்லோருக்கும் கேட்டது. "மேடம், நம்ம மெஷின் இத்தனை நாளும் லைனுக்கே வரலை. இணைப்புல ஏதோ கோளாறு... கத்துக்க வந்த இவங்க ரெண்டு பேரையும் ஒருத்தரோட ஒருத்தர் கோத்து விட்டிருக்கு!"

"மெஷின்... நீங்களா?" என்று தழுதழுத்தார் ரொட்டிக்கடைக்காரர்.

அந்தக் குரலைக் கேட்டதும் நர்ஸ் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். முகமெல்லாம் சிவக்க, பிழையே இல்லாத தமிழில் கத்தினார்:

"ஐயோ, மெஷினுக்கு மீசை இருக்கு!"