அண்டாவுக்குப் பட்டுப்புடவை

"பூவரசு, இன்னைக்கு நீ வாயே திறக்கக் கூடாது. என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றாள் மகாலட்சுமி, கூடத்தில் இருந்த பெரிய அண்டாவின் மேல் ஒரு பழைய பட்டுப்புடவையைப் போர்த்தியபடி. போர்த்தி முடித்ததும், பருமனான விருந்தாளி ஒருவர் மூலையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

"மறைக்கணுமாம்மா? தப்பு ஒண்ணும் பண்ணலையே."

"தப்பு இல்லைன்னு நீ உண்மையைச் சொல்லித்தான் ரெண்டு சம்பந்தம் போச்சு!"

பூவரசன் நியூசிலாந்தில் எஞ்சினியர். அங்கே லீவு நாளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவது அவன் பொழுதுபோக்கு. அந்த நாட்டில் அதற்குத் தடை கிடையாது. இத்தனை நாள் டின்னில் வரும் மால்ட் என்ற முளைகட்டிய பார்லிப் பாகைத் தண்ணீரில் கரைத்துத்தான் காய்ச்சினான். இனி முளைகட்டிய முழு பார்லியிலிருந்தே தொடங்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆசையோடு சாமான்களும் பெருகின. பார்லியை உடைக்க ஒரு கை மிஷின், உடைத்ததைச் சூடு குறையாமல் வெந்நீரில் ஊறப்போட அடியில் குழாய் வைத்த ஐஸ் பெட்டி, வடித்ததைக் கொதிக்க வைக்க அண்டா, கொதித்ததைச் சட்டென்று ஆற வைக்கச் சுருட்டிய செம்புக் குழாய். அங்கே இவற்றின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதனால் லீவில் ஸ்ரீரங்கம் வந்தவன் எல்லாவற்றையும் திருச்சியிலேயே செய்து வாங்கி, கப்பலில் அனுப்பக் கூடத்தில் குவித்திருந்தான். மிஷினில் ஒரு பிடி பார்லியை உடைத்தும் பார்த்தாயிற்று.

முதலில் வந்த இரண்டு பெண் வீட்டாரும் விஷயம் கேட்டதும் ஓடினார்கள். அதில் அவனுக்கு வருத்தமில்லை. ஆனால் கனிஷ்கா வேறு. பெங்களூரில் ஏதோ உணவுக் கம்பெனியில் வேலை பார்ப்பதாகச் சொன்ன அவளோடு போனில் ஒரே ஒரு முறைதான் பேசினான். அன்றிலிருந்து தனியாகச் சிரித்துக்கொண்டு திரிகிறான். இந்தச் சம்பந்தம் போனால் தாங்க மாட்டான்.

வாசலில் ஆட்டோ நின்றது. பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பிச்சமுத்து, அவர் மனைவி செல்லக்கிளி, பின்னால் கனிஷ்கா. உட்கார்ந்து காபியைக் கையில் வாங்குவதற்குள் ஃபேன் காற்றில் புடவை நழுவி விழுந்தது.

"இம்மாம் பெரிய அண்டா எதுக்குங்க?" என்றார் பிச்சமுத்து.

"அன்னதானத்துக்குங்க. வைகுண்ட ஏகாதசி அன்னைக்கு ஊரையே கூப்பிட்டுப் போடுவோம்."

"ஏகாதசிக்குப் பட்டினில்ல இருப்பாங்க?"

"அதாங்க... பட்டினி கிடந்தவங்களுக்கு மறுநாள் போடுவோம்."

"அந்த ஐஸ் பெட்டி?"

"கோயிலுக்குப் பூ வாடாம கொண்டு போறதுக்கு."

"அடியில குழாய் இருக்கே?"

"பூ தண்ணி விடுமில்லீங்களா?"

பூவரசனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிச்சமுத்து எழுந்துபோய்ச் செம்புச் சுருளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அது குளிக்க வெந்நீர் போட" என்று முந்திக்கொண்டாள் மகாலட்சுமி.

பிச்சமுத்து தன் மனைவியைப் பார்த்தார். மனைவி மகளைப் பார்த்தாள். கனிஷ்கா தலையைக் குனிந்துகொண்டாள். 'தொலைந்தோம், கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று நினைத்தான் பூவரசன்.

பிச்சமுத்து தொண்டையைச் செருமினார். "தப்பா எடுத்துக்காதீங்க. இந்த பீர், குடி... இதைப் பத்தியெல்லாம் உங்க வீட்ல என்ன நினைக்கிறீங்க?"

"பெருமாளே! அந்தப் பேச்சையே எடுக்காதீங்க!" மகாலட்சுமி காதைப் பொத்திக்கொண்டாள். "பாட்டிலைக் கண்ணால பார்த்தாலே தலை முழுகுற குடும்பம் நாங்க. அந்தத் தொழில் பண்றவங்க வீட்டுல பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டோம்!"

பிச்சமுத்துவின் முகம் செத்துவிட்டது. காபி டம்ளரை அப்படியே கீழே வைத்தார். "சரிங்க. வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும்.

கனிஷ்கா செருப்பை மாட்டிக்கொண்டு ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பூவரசனின் பொறுமை போய்விட்டது.

"ஐயா, நில்லுங்க! அம்மா சொன்னது அத்தனையும் பொய். அன்னதானமும் இல்லை, பூவும் இல்லை. எல்லாமே பீர் காய்ச்சுற சாமான். நியூசிலாந்துல நானே காய்ச்சுறேன். எப்பவாவது ஒரு டம்ளர் குடிப்பேன், மிச்சம் சிநேகிதங்களுக்கு. இதுக்காக என்னை வேண்டாம்னு சொல்றதா இருந்தா, உண்மையைத் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுங்க."

மகாலட்சுமி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

கனிஷ்கா செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மிஷினிடம் வந்தாள். உடைத்த பார்லியைக் கிள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தாள்.

"இவ்வளவு மாவா உடைச்சா அடியில அடைச்சுக்கும், வடியாதுங்க. உமி முழுசா நிக்கணும்" என்றாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

பூவரசன் வாயைப் பிளந்து நிற்க, பிச்சமுத்து செம்புச் சுருளை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

"இது பத்தாது மாப்ளே, இன்னும் நாலு சுத்து வேணும், நானே வளைச்சுத் தரேன். பெங்களூர்ல பீர் காய்ச்சுற கம்பெனியில என் பொண்ணுதான் தலைமை. அது தெரிஞ்சா நீங்க வேண்டாம்னுடுவீங்களோன்னு பயந்துதான் அப்படிக் கேட்டேன்!"