அந்தப் பழுப்பு

"இதுவும் அந்த நிறம் இல்லைலா, நவமணி!" நவமணி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, துணிக்கடை விசாலி ஆச்சி நான்காவது சால்வையையும் ஒதுக்கி வைத்தார்.

வீட்டிலேயே துணிக்குச் சாயம் போட்டுக் கொடுக்கும் நவமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புந்தோங் சந்தையில் பொறுக்கிய மங்குஸ்தீன் தோலை மூன்று நாள் ஊறவைத்துக் காய்ச்சிய சாயம் அது.

"தோலு, பட்டை, இலை எல்லாம் அவிச்சாச்சு ஆச்சி. இன்னும் என்னத்த அவிக்கச் சொல்றீங்க?"

"போன மாசம் நீ இல்லாதப்ப, கொடியில காஞ்ச ஒரு துணிய சாம்பிளுக்கு எடுத்துட்டுப் போனேன்ல? கோலாலம்பூர்க்காரங்களுக்கு அந்தப் பழுப்புதான் வேணுமாம். அம்பது சால்வை!"

உள்ளேயிருந்து அவள் கணவன் ஐயாவு கத்தினான். "கோப்பி இன்னிக்கும் சப்புன்னு இருக்குலா! ஒரு மாசமா இதே கதை!"

"குடிச்சா குடிங்க, இல்லாட்டி விடுங்க!" என்று எரிந்து விழுந்தாள் நவமணி.

"அனுப்பின சாம்பிள் இன்னிக்குத்தான் திரும்பி வந்துச்சு. நீயே பாரு" என்று ஆச்சி பையிலிருந்து துணியை எடுத்து விரித்தார்.

அடுப்பு சுட்ட ஓட்டை ஒரு மூலையில் அப்படியே இருந்தது. மூன்று வருடமாக ஐயாவுக்குக் கோப்பி வடிகட்டிய துணி! அது காணாமல் போனதிலிருந்துதான் அவள் புதுத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

நவமணி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"செஞ்சிரலாம் ஆச்சி. ஆனா அம்பது துணிக்கும் கோப்பி குடிக்க, எங்க வீட்டுக்காரர் ஒருத்தர் பத்தாது."