கிஷோரின் சாஃப்ட்வேர்

இணையதளங்களுக்கு யார் வருகிறார்கள், எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கிடும் சாஃப்ட்வேரைத் திருப்பதியில் உருவாக்கியவர் கிஷோர். அவருடைய கம்பெனியை வாங்குவதற்காகப் பெங்களூரிலிருந்து பிரீத்தி வீட்டுக்கே வந்திருந்தாள்.

“சாரும் எங்ககிட்ட வேலைக்குச் சேரணும். அதான் கண்டிஷன்.”

“அவரு வரமாட்டாருங்க. சாஃப்ட்வேர மட்டும் எடுத்துக்கோங்க” என்றாள் கிஷோரின் மனைவி துர்காதேவி.

“விக்கிறதுல கோபமா? நானே பேசறேன்.”

அந்த சாஃப்ட்வேரின் புரோகிராம் வரிகளைத் திறந்து, பிரீத்தி லேப்டாப்பை ஓரமாக உட்கார்ந்திருந்த கிஷோரிடம் நீட்டினாள். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது. துர்காதேவியிடம் திரும்பினார்.

“பிரமாதமா எழுதிக்கிறாங்களே! யாரு மேடம் இத எழுதுனது?”

பிரீத்தி திகைத்துப் போனாள்.

“ஆக்சிடெண்டுல தலைல அடிபட்டதுலருந்து இப்டித்தாங்க” என்று மெல்லச் சொன்ன துர்காதேவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் சொன்னாள்: “எங்க வீட்டுக்காரருங்க.”

“கெட்டிக்காரரு” என்றார் கிஷோர். “ஒருதரம் அவர நான் பாக்கணுமே.”